மார்ச் 7: கிரகாம் பெல்லும் என் அப்பாவின் போனும்

போன செமஸ்டர் லீவில் பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டில் இருந்தேன். என் கூடப் படிக்கிற ஒருத்தன் ஒரு ஆப் அனுப்பினான். அவனே உட்கார்ந்து கோடிங் பண்ணினது. பொம்மிடி ஸ்டேஷனில் எந்த ரயில் எத்தனை மணிக்கு நிற்கும், அதைப் பிடிக்க நம்ம ஊரில் எந்த பஸ்ஸில் ஏறணும், அரூர் போக அடுத்த வண்டி எப்போ, இவ்வளவுதான் அதில். எந்த ஆப் கடையிலும் இன்னும் ஏற்றாததால் ஏபிகே ஃபைலாக வாட்ஸ்அப்பில் வந்தது.

அடிக்கடி பொம்மிடி போய் ரயில் பிடிக்கிறவர் அப்பாதான். அதனால் அவர் போனில் போடப் பார்த்தேன். தெரியாத இடத்திலிருந்து வந்த ஆப், ஆபத்தாக இருக்கலாம் என்று போன் எச்சரித்தது. அப்பா அதைப் படித்தார். போனைக் கையில் வாங்கிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஃபைலைத் தொட்டு, வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை இழந்தவர்கள் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். இதெல்லாம் தன் போனில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்பா பயந்ததில் தப்பே இல்லை. ஆனா எனக்கு ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. போன் அப்பா காசு கொடுத்து வாங்கினது. ஆப் பண்ணினவன் எனக்குத் தெரிஞ்சவன். நடுவில் நின்று இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிற அதிகாரம் போன் கம்பெனிகளுக்கு எப்படி வந்தது?

தேடிப் போனால் அந்தக் கேள்வி ஸ்மார்ட்போனோடு ஆரம்பிக்கவில்லை. நேரா 1876-க்குக் கொண்டுபோய் விட்டது. தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாம எல்லாரும் எழுதின அதே பெயர்தான்: அலெக்சாண்டர் கிரகாம் பெல். அந்த ஒரு மார்க்குக்கு மேலே அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மாவின் நெற்றியில் பேசிய பையன்

1847 மார்ச் 3-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தொழில்: சரியாகப் பேசக் கற்றுக்கொடுப்பது. ஒவ்வொரு ஒலிக்கும் நாக்கு எங்கே இருக்கணும், உதடு எப்படிக் குவியணும், தொண்டை என்ன செய்யணும் என்று அப்பா மெல்வில் பெல் ஒரு குறியீட்டு முறையே உருவாக்கினார். எழுத்தைப் பார்த்தாலே வாயை எப்படி வைக்கணும் என்று தெரிந்துவிடும். நம்ம தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. எழுத்து எங்கே பிறக்கிறது என்ற அதே விசாரணைதான்.

அம்மா எலைசாவுக்குக் காது அநேகமாகக் கேட்காது. ஆனா பியானோ வாசிப்பார். மற்றவர்கள் அவர் காதில் ஒரு குழாயை வைத்து உரக்கப் பேசுவார்கள். பையன் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் பேசுவான். எலும்பு வழியாக அதிர்வு போகும், அம்மாவுக்குப் புரியும். வீட்டில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சை விரல் எழுத்தாக மாற்றி அம்மாவுக்குச் சொல்லுவான். இந்த விரல் எழுத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் இதுக்கு வேலை இருக்கு.

பன்னிரண்டு வயதில் நண்பனின் அப்பா நடத்திய மாவு மில்லில் விளையாடிக்கொண்டிருந்தான். சும்மா சுற்றாமல் உருப்படியாக ஏதாவது செய்யுங்கள் என்று அவர் சொல்ல, கோதுமை உமி நீக்குவதுதான் அங்கே பெரிய பாடு என்று தெரிந்துகொண்டு, சுழலும் துடுப்புகளில் ஆணித் தூரிகை பொருத்தி ஒரு இயந்திரம் செய்து கொடுத்தான். மில்லில் அது பல வருஷம் ஓடியது.

பிறகு வீட்டில் சாவு மேல் சாவு. 1867-ல் தம்பி, 1870-ல் அண்ணன், இரண்டு பேரையும் காசநோய் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்றணும் என்று பெற்றோர் 1870-லேயே கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவின் பாஸ்டனில், காதுகேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராக பெல் வேலைக்குச் சேர்ந்தார். சாகும்வரை தன் தொழில் என்று அவர் சொல்லிக்கொண்டது இந்த ஆசிரியர் வேலையைத்தான்.

பெரிய கம்பெனிக்கு எதிராக ஒரு மாமனார்

அப்போது அமெரிக்காவில் செய்தி என்றாலே தந்தி. தந்தி என்றாலே வெஸ்டர்ன் யூனியன். கம்பி அவர்களுடையது, கட்டணமும் அவர்கள் வைத்ததுதான். இந்த ஏகபோகத்தை உடைக்கணும், தபால் துறை வழியாக மலிவாகத் தந்தி கொடுக்கணும் என்று பல வருஷமாக அரசாங்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார் கார்டினர் ஹப்பர்ட் என்ற வக்கீல். அவர் மகள் மேபெல். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போனவள். பெல்லின் மாணவி. பின்னாளில் மனைவி.

ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பல தந்திகளை அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார் பெல். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சுருதி. நம்ம பாஷையில் சொன்னால் ஃப்ரீக்வென்ஸி டிவிஷன் மல்டிபிளெக்ஸிங். வெஸ்டர்ன் யூனியனை அசைக்க இது உதவும் என்று நினைத்து ஹப்பர்ட் பணம் போட்டார். இன்னொரு மாணவனின் அப்பா தாமஸ் சாண்டர்ஸும் போட்டார். பகலில் பாடம், ராத்திரியில் ஆராய்ச்சி. சர்க்யூட் வேலைக்கு தாமஸ் வாட்சன் என்ற இளம் மெக்கானிக் கிடைத்தார்.

1875 ஜூன் 2 அன்று ஒரு உலோகப் பட்டை காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதைக் கையால் மீட்டிவிட, கம்பியின் அந்தப் பக்கம் பெல்லுக்கு அந்தப் பட்டையின் ஒலி அப்படியே கேட்டது. வெறும் டக் டக் இல்லை, ஒலியின் முழு வடிவமும் கம்பியில் போயிருக்கிறது. அப்படியென்றால் குரலும் போகும்.

1876 பிப்ரவரி 14-ல் ஹப்பர்ட் தரப்பு பெல்லின் காப்புரிமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது. அதே நாள் எலிஷா கிரே என்பவரும் அதே மாதிரி கருவிக்கு முன்னறிவிப்பு மனு கொடுத்தார். யார் முந்தினது, யார் யாரைப் பார்த்து எழுதினது என்ற சண்டை இன்றைக்கும் முடியவில்லை. காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. எண் 174465. தேதி, 1876 மார்ச் 7. மூன்று நாள் கழித்து, பக்கத்து அறையில் இருந்த வாட்சனைத் தன்னிடம் வரச்சொல்லி பெல் கருவி வழியாகக் கூப்பிட்டார். வாட்சன் வந்து நின்றார். மனிதக் குரல் புரியும்படி கம்பியில் போனது அன்றைக்குத்தான்.

அந்த ஜூனில் பிலடெல்பியா கண்காட்சி. ஒரு மூலையில் மேசை போட்டு நின்ற ஆசிரியரை யாரும் கவனிக்கவில்லை. பார்வையாளராக வந்த பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ, பாஸ்டனில் காதுகேளாதோர் பள்ளியில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு அருகே வந்தார். கருவியைக் காதில் வைத்தவர் அசந்துபோனார். அதுக்குப் பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

கையில் இருக்கும், சொந்தம் இல்லை

1877 ஜூலையில் பெல் டெலிபோன் கம்பெனி உருவானது. இரண்டு நாள் கழித்து பெல்லுக்கும் மேபெலுக்கும் கல்யாணம். பத்துப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, கம்பெனியில் தனக்கிருந்த மீதி எல்லாப் பங்கையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். பணத்தோடு அவருக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

கம்பெனியை நடத்தினவர் மாமனார் ஹப்பர்ட். அவர் எடுத்த ஒரு முடிவைக் கவனியுங்க: போனை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். கருவி உங்க வீட்டில் இருக்கும், சுவரில் தொங்கும், நீங்கதான் துடைச்சு வைக்கணும். ஆனா அது கம்பெனி சொத்து. அதில் எதைச் சேர்ப்பது, எதை மாட்டுவது என்பதும் கம்பெனி முடிவு. தந்தி ஏகபோகத்தை உடைக்கக் கிளம்பினவர்தான் அடுத்த ஏகபோகத்துக்குக் கடைக்கால் போட்டார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்ல முடியாது. கைமுதல் கம்மி, மாதாமாதம் வாடகை வந்தால்தான் கம்பெனி நிற்கும்.

எதிரியும் சாதாரண ஆள் இல்லை. பெல்லின் காப்புரிமையை 1 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னபோது வெஸ்டர்ன் யூனியன் வேண்டாம் என்று விட்டதாக ஒரு கதை உண்டு. ஆனா தொழில் சூடு பிடித்ததும் அதே வெஸ்டர்ன் யூனியன், கிரேயையும் எடிசனையும் வைத்துத் தனியாக போன் கம்பெனி ஆரம்பித்தது. எடிசன் செய்த ஒலிவாங்கி பெல்லுடையதைவிட நல்லாவே வேலை செய்தது. ஊர் ஊராகக் கம்பி வைத்திருந்த கம்பெனி, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கம்பெனியை நசுக்க எத்தனை நாள் ஆகும்?

காப்பாற்றியது சட்டம்தான். 1878-ல் வழக்கு. 1879 நவம்பரில் சமரசம். வெஸ்டர்ன் யூனியன் போன் தொழிலைவிட்டே விலகியது. அதுக்கப்புறமும் வழக்கு நிற்கவில்லை. சுமார் 600 வழக்குகள். 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் பெல்லின் காப்புரிமையை உறுதி செய்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் நம்ம ஒரு மார்க் கேள்விக்கு வேற பதில் இருந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நிற்போம். காப்புரிமை என்பதும் ஒரு பூட்டுதான். ஆனா அதுக்குக் காலக்கெடு உண்டு. உன் கண்டுபிடிப்பை ஊருக்கு விளக்கமா எழுதிக் கொடு, குறிப்பிட்ட வருஷத்துக்கு நீ மட்டும் அனுபவி, அப்புறம் எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஒப்பந்தம். அந்தப் பூட்டு இல்லாமல் இருந்தால் பெல் அன்றைக்கே காணாமல் போயிருப்பார். பிரச்சினை அந்தப் பூட்டில் இல்லை. கெடு முடிந்த பிறகு கம்பெனி வேற பூட்டு தேடினதில்தான் இருந்தது.

வேலிக் கம்பியில் பேசினவர்கள்

1893, 1894-ல் பெல்லின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாயின. உடனே அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன போன் கம்பெனிகள் முளைத்தன. பெல் கம்பெனி லாபம் வராது என்று எட்டிப் பார்க்காத கிராமங்களில் விவசாயிகளே சேர்ந்து இணைப்பு போட்டுக்கொண்டார்கள். கம்பி வாங்கக் காசு இல்லாத இடத்தில், வயலைச் சுற்றி ஏற்கனவே ஓடின முள்கம்பி வேலியையே லைனாக வைத்துப் பேசினார்கள். மழை பெய்தால் லைன் போய்விடும், ஆனாலும் பேச்சு நடந்தது. நம்ம ஊர் மஞ்சள் காட்டு வேலியில் போன் ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வெளியாட்கள் கைக்குப் போனதும் போன் போய்ச் சேர்ந்த இடம் அது. 1907 வாக்கில் அமெரிக்க போன்களில் ஏறத்தாழ பாதி இந்த மாதிரி சுயேச்சைக் கம்பெனிகளுடையது.

பெல் கம்பெனி அப்போது ஏடி அண்ட் டி என்ற பெயரில் பெரிசாகியிருந்தது. அதன் கையில் ஒரு துருப்பு இருந்தது: தொலைதூர லைன். உள்ளூரில் நீங்க எந்தக் கம்பெனி போன் வைத்திருந்தாலும், தூரத்து ஊருக்குப் பேச அவர்கள் கம்பி வேணும். சுயேச்சைகளுக்கு அந்த இணைப்பைக் கொடுக்க மறுத்தார்கள். இணைப்பு கிடைக்காமல் திணறின கம்பெனிகளை ஒன்றொன்றாக விலைக்கு வாங்கினார்கள். அரசு ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போட்டது. 1913 டிசம்பரில் ஏடி அண்ட் டி இறங்கி வந்து, சுயேச்சைக் கம்பெனிகளுக்குத் தொலைதூர இணைப்பு தருவதாக எழுதிக் கொடுத்தது. உன் வலையில் வெளியாளையும் சேர்த்துக்கொள் என்று போன் கம்பெனியைச் சட்டம் நெருக்கிய கதை அங்கேதான் தொடங்குகிறது. பெல் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கம்பெனியை விட்டு எப்போதோ வந்துவிட்டார். 1880-ல் பிரெஞ்சு அரசு கொடுத்த வோல்டா பரிசுப் பணத்தில் ஆய்வகம் வைத்தார். அதே வருஷம் ஒளிக்கற்றையில் குரலை அனுப்பும் ஃபோட்டோஃபோனைச் செய்தார். இன்றைக்கு ஃபைபரில் நாம செய்கிற காரியத்தின் பாட்டன் அது. தொலைபேசியைவிட அதுதான் தன் பெரிய கண்டுபிடிப்பு என்பது அவர் எண்ணம். 1881-ல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட உலோகம் கண்டறியும் கருவி செய்தார். பலிக்கவில்லை. 1886-ல் கண்ணும் காதும் போன ஆறு வயதுக் குழந்தை ஹெலன் கெல்லரைப் பெற்றோர் அவரிடம் கூட்டிவந்தபோது, சரியான பள்ளிக்கு வழிகாட்டினார். ஆனி சல்லிவன் என்ற ஆசிரியை ஹெலனுக்குக் கிடைத்தது அப்படித்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மலைமேல் வீடு கட்டி, பெரிய பெரிய பட்டங்கள் விட்டார். அவர் குழு செய்த சில்வர் டார்ட் விமானம் 1909-ல் கனடா மண்ணிலிருந்து முதலில் எழும்பியது. 1919-ல் தண்ணீர்மேல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் அவருடைய படகு பறந்தது. தன் படிப்பறையில் மட்டும் தொலைபேசி வைக்கவில்லை என்பார்கள். தொந்தரவாம்!

அவரே போட்ட பூட்டு

இதுவரை படிச்சா பெல் நல்லவர், கம்பெனிதான் கெட்டது என்று முடிச்சிடலாம். அப்படி முடிக்க முடியாது. விரல் எழுத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதுக்கு வருவோம்.

காதுகேளாதவர்கள் வாயால் பேசணும், உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கணும், அப்போதுதான் ஊரோடு கலப்பார்கள் என்பது பெல்லின் உறுதியான நம்பிக்கை. அதனால் பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். காதுகேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வதைக் கவலையோடு பார்த்து 1883-ல் ஒரு ஆய்வறிக்கையும் கொடுத்தார். உலகப் புகழ் பெற்றவர் சொன்னால் யார் மறுப்பது? அவரைப் போலவே நினைத்த பலரும் சேர, பள்ளி பள்ளியாகச் சைகை மொழி வகுப்பறைக்கு வெளியே போனது. பிள்ளைகள் கையை மறைத்துக்கொண்டு பேசவேண்டி வந்தது. அமெரிக்கச் சைகை மொழி இலக்கணம் உள்ள ஒரு முழு மொழி என்று வில்லியம் ஸ்டோகி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்ட 1960 வரை ஆனது. காதுகேளாத சமூகத்தினர் பலர் பெல்லின் பெயரை இன்றைக்கும் வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள்.

யோசிச்சுப் பாருங்க. அம்மாவிடம் விரலால் பேசினவர் அவர். மனைவி காது கேளாதவர். அவருக்கு அந்த மக்கள்மேல் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அன்பு இருந்தது. அக்கறை இருந்தது. ஆனா அவர்களுக்கு எது நல்லது என்பதை அவர்களிடம் கேட்காமல் இவரே முடிவு செய்தார். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, மற்றதை அடைத்தார். எனக்கு அப்பாவின் போனில் வந்த எச்சரிக்கை ஞாபகத்துக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

ஒரு நிமிட மௌனம்

1915 ஜனவரி 25-ல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் லைன் திறக்கப்பட்டபோது நியூயார்க்கில் பெல்லை உட்காரவைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வாட்சன். முதல்முறை கூப்பிட்ட மாதிரியே இங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டார். இந்தத் தடவை வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று வாட்சன் சிரித்தார்.

1922 ஆகஸ்ட் 2-ல், நீரிழிவு முற்றி, தன் மலைவீட்டில் பெல் இறந்தார். 75 வயது. மேபெல் பக்கத்தில் இருந்தார். ஆகஸ்ட் 4-ல் அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்கா முழுக்க எல்லா போன் இணைப்பும் ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டது. அவருக்குச் செய்த மரியாதை அது. இன்னொரு பக்கம் பார்த்தால், அத்தனை போனும் சில கைகளில் இருந்ததால்தான் அப்படி ஒரே நேரத்தில் நிறுத்த முடிந்தது.

அவருக்குப் பிறகு

பெல் சாகிறதுக்கு முந்தின வருஷம், 1921-ல், ஹஷ்-ஏ-ஃபோன் என்று ஒரு சாமான் வந்தது. போனின் வாய்ப்பகுதியில் மாட்டுகிற ஒரு கிண்ணம், அவ்ளோதான். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. மின்சாரம் கிடையாது, சர்க்யூட் கிடையாது. ஏடி அண்ட் டி அதையும் தடுத்தது. வெளியாள் சாமான் மாட்டினால் நெட்வொர்க் கெட்டுவிடும் என்றது. 1956-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மற்றவர்களுக்குக் கெடுதல் இல்லாத வரைக்கும் தன் போனைத் தனக்குப் பயன்படும்படி வைத்துக்கொள்ளச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1968-ல் அடுத்த அடி. டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் வேலை செய்கிறவர்களின் ரேடியோவைப் போன் லைனோடு சேர்க்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியைத் தடுக்கக்கூடாது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது.

அப்படியென்றால் எந்தக் குப்பையையும் யாரும் லைனில் சொருகலாமா? அங்கேதான் இன்ஜினியர்களுக்கான பாடம் இருக்கு. லைனைக் கெடுக்காமல் இருக்க ஒரு கருவிக்கு என்னென்ன தகுதி வேணும் என்பதை 1970-களில் அரசே பொது விதியாக எழுதி வெளியிட்டது. அந்தச் சோதனையில் தேறினால் யார் செய்த கருவியும் சேரலாம். பாதுகாப்பு வேணும் என்ற கம்பெனியின் பேச்சு பொய் இல்லை. ஆனா எது பாதுகாப்பு என்று தீர்மானிக்கிற வேலையைப் போட்டியில் லாபம் பார்க்கிறவன் கையிலிருந்து எடுத்தார்கள். அதுக்குப் பிறகு வந்தவைதான் வீட்டுக்கு வீடு பதில் சொல்லும் இயந்திரம், ஃபேக்ஸ், மோடம். மோடம் இல்லாமல் இன்டர்நெட் எப்படி வீட்டுக்குள் வந்திருக்கும்?

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். போனை வாடகைக்கு விடுவதில்லை, விற்கிறார்கள். பூட்டு உள்ளே இருக்கு. ஐபோனில் நம்ம நாட்டில் ஆப்பிளின் கடையைத் தவிர வேற வழியில் ஆப் போட முடியாது. ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து போடலாம், ஆனா ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கை. கடைக்குள் நடக்கிற டிஜிட்டல் விற்பனையில் பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம் வரை கடைக்காரருக்குக் கமிஷன். கடை வைத்திருக்கிறவரே போட்டி ஆப்பும் வைத்திருப்பார்.

2022 அக்டோபர் 20-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியிலிருந்து ஆப் போடுவதைத் தடுக்கக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் ஒன்று. 2023 மார்ச் 29-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனா நாலு கட்டளைகளை நீக்கியது. நீக்கப்பட்டதில் இதுவும் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

2024 மார்ச் 1-ல், கட்டணத் தகராறில் பத்து இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை கூகுள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. சென்னையில் இருக்கிற பாரத் மேட்ரிமோனியும் அதில் உண்டு. அதுக்கு முன்னாடி அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயும் பலிக்கவில்லை. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் ஆப்கள் திரும்ப வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை இருந்த கடை காணாமல் போகும், அடுத்த வாரம் வரும். அமைச்சர் வரைக்கும் போக முடியாத ஒரு பாப்பிரெட்டிப்பட்டிக்காரன் என்ன பண்ணுவான்?

அதே வாரம் ஐரோப்பாவில் வேற மாதிரி நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு வைத்த கெடு முடிந்தது. வெளியார் கடைகளிலிருந்தும் ஆப் போட ஆப்பிள் அங்கே வழி விட வேண்டி வந்தது. ஏகப்பட்ட நிபந்தனையோடுதான், ஆனாலும் கதவு திறந்தது. அந்தக் கெடு தேதி 2024 மார்ச் 7. பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்து சரியாக 148 வருஷம். தற்செயல்தான். ஆனா பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, அந்த பஸ் ஆப் என்ன ஆச்சு? அப்பாவிடம் மறுபடி போனேன். அந்த ஆப் போனில் எதையெல்லாம் தொடக் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எஸ்எம்எஸ் கேட்கவில்லை, தொடர்பு எண்கள் கேட்கவில்லை, இன்டர்நெட்கூட கேட்கவில்லை. யார் செய்தது, அவன் வீடு எங்கே என்றும் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை ஃபைலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்பாவே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் விரலாலேயே அனுமதி கொடுத்தார்.

அந்த முடிவை எச்சரிக்கை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போனுக்குச் சொந்தக்காரர் விவரம் தெரிஞ்சு எடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அது அவர் முடிவுதான். நாளைக்கு ஆப் செய்யப்போவது நீங்கதான், கடை கட்டப்போவதும் உங்களில் யாராவது ஒருத்தர்தான். அன்றைக்குப் பூட்டு போடணும் என்று தோணினால், நெற்றியில் பேசின அந்தப் பையனைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. பூட்டலாம், தப்பில்லை. ஆனா சாவி ஒன்றை வீட்டுக்காரர் கையிலும் கொடுத்துட்டுப் போங்க.